நாலு வள்ளம் கம்பு

சங்ககிரி மலைக்குக் கீழே
கடலைக்கொடி பிடுங்கி முடித்த காட்டில்
நாற்பது பேர், ஒன்பது கூடாரம்.
நுழையும்போதே கைப்பேசிகளை வாங்கி
மரப்பெட்டியில் போட்டுப் பூட்டினார்
பல் டாக்டர் செங்கோட்டுவேல்.
"நாளைக் காலையில ஏழு மணி வரைக்கும்
வருசம் ஆயிரத்து எண்ணூத்தி அஞ்சுங்க.
கும்பினி ராச்சியம். ஆரும் மணி கேக்கப்படாது."

சீட்டுக் குலுக்கினார்கள்.
பவானி ஜமுக்காளக் கடைக்காரருக்குச் சிப்பாய்:
மரத்துப்பாக்கி, சிவப்புச் சட்டை,
அதில் இரண்டு பொத்தான் இல்லை.
புதிதாய்க் கல்யாணமான இருவருக்கு
நிலம் அளக்கும் இரும்புச் சங்கிலி, கண்ணி நூறு.
(சாயங்காலம் வரை அவர்கள் அளந்தது
ஒருவரையொருவர்தான்.)
பிளஸ் டூ படிக்கும் நிகரனுக்குத்
தாசில்தார் தலைப்பாகை.
எனக்கு: "குடியானவள். தீர்வை, நாலு வள்ளம் கம்பு."

சிரித்துவிட்டேன்.
ஈரோட்டில், பைக் லோன் வசூல் பிரிவில்,
ஹெட்செட் மாட்டி இது ஒன்பதாவது வருசம்.

சிக்கிமுக்கிக் கல்லை நாற்பது நிமிடம் உரசியபின்
யாரோ ஒருவர் பையிலிருந்து தீப்பெட்டி வந்தது.
அந்தத் தீயை யாரும் விசாரிக்கவில்லை.
நான் கதிர் அடித்தேன், புடைத்தேன்,
வள்ளத்தில் தலை தட்டி
கச்சேரிக் கூடாரத்தின் முன்னால், சாக்கின் மேல்
நாலு முறை கொட்டினேன்.
நிகரன் வாத்து இறகை மையில் தோய்த்தான்.
மை கொட்டியது. கை கழுவப் போனான்.

பக்கத்துக் காட்டு வெள்ளாடு
எந்த வருசத்திலும் சேராதது.
அவன் திரும்பி வரும்போது
சாக்கு கிட்டத்தட்டச் சுத்தம்.

"கம்பு எங்கெ?"
"அளந்து கொட்டிட்டேனுங்க எசமான். ஆடு தின்னுருச்சு."
"ஆட்டுக்குப் பட்டா இருக்குதா?"
காடே சிரித்தது.
"கணக்குல ஏறலையே" என்றான்,
பேரேட்டைத் திருப்பிக் காட்டி.

டாக்டர் கிட்டியைக் கொண்டுவந்தார்.
ஒரு முனையில் கட்டிய இரண்டு மூங்கில் குச்சிகள்.
"பாக்கிக்காரங்க விரலை இதுக்குள்ள வெச்சு
நெரிப்பாங்களாம். நாம சும்மா வெச்சுப் பாக்கலாம்."
நிகரனுக்கு முகம் சிவந்தது.
"வலிச்சாச் சொல்லிருங்கக்கா."

வலிக்கவில்லை. அவன் அழுத்தவே இல்லை.
நாலு விரலும் உள்ளே இருக்க
"கட்டிட்டேனுங்க" என்றேன்.
"நெசமாலுமே கட்டிட்டேனுங்க."
மூன்றாம் முறை சொன்னது
சீட்டில் இருந்த பெண்ணா, நானா தெரியவில்லை.
நல்ல நடிப்பென்று கை தட்டினார்கள்.

ராத்திரி கம்பஞ்சோறு, கொள்ளுப்பருப்பு.
சிப்பாய் கொஞ்ச நேரம் "ஆரது!" என்றார்,
அப்புறம் குறட்டை விட்டார்.
கூடாரத் துணியைப் பார்த்தபடி கிடந்தேன்.
மூலனூர் அங்கணன், மூன்று தவணை.
"கடைக்காரன் கையிலயே குடுத்தனுங் மேடம்.
ரசீது மழையில ஊறிப்போச்சு."
"சிஸ்டத்துல ஏறலைங்க சார்."
மெதுவாகத்தான் சொன்னேன்.
மெதுவாகச் சொல்ல எங்களுக்கு இரண்டு நாள் பயிற்சி உண்டு.
அப்புறம் மியூட்டில் போட்டு
பக்கத்து சீட்டுக்காரியிடம் மழையைச் சொல்லிச் சிரித்தேன்.

ஏழு மணிக்குப் பெட்டி திறந்தது.
எல்லோரும் அவரவர் வருசத்துக்குக் குனிந்துகொண்டார்கள்.
பேரேட்டில் என் பெயருக்கு நேரே
மைக்கறையும் "பாக்கி"யும் இருந்தது.
"அதை அடிச்சிருங்களேன்" என்றேன்.
"ஏனுங், வெளையாட்டுத்தானுங்களே?
அடுத்த முகாமுக்கும் இதே நோட்டுத்தான்" என்றார் டாக்டர்.
நோட்டு பெட்டிக்குள் போனது.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம்.
ஞாயிற்றுக்கிழமை நாங்கள் யாரையும் அழைக்கக் கூடாது.
அங்கணன் எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு
பள்ளிபாளையம் பாலம் வரை வந்தேன்.
கழுத்தில்
கம்புச் சுணை அரித்துக்கொண்டே இருந்தது.